சணலும் ரயில் அட்டவணையும்: விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கை

பரிசு வாங்கப் போகும் பிள்ளைகளுக்கும், இந்த வருடம் பெயர் வாசிக்கப்படாமல் பின்வரிசையில் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், தோட்டத்திலிருந்து பஸ் ஏறி விழாவுக்கு வரும் அன்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு பழைய ரேடியோவிலிருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் தாத்தாவிடம் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. தோல் உறை போட்டது. சத்தம் வரும் பக்கத்தில் மட்டும் உறையில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். தோளில் மாட்ட ஒரு வார். அந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதக் குணம் உண்டு. ஜன்னலைப் பார்த்து வைத்தால் மீடியம் வேவில் பாட்டு கணீரென்று வரும். அதே மேசையில், அதே இடத்தில், கால் வட்டம் திருப்பி வைத்தால் ஒரே இரைச்சல். தாத்தா அதைத் திருப்பித் திருப்பி, நாதஸ்வரம் நன்றாக வரும் பக்கத்தைக் கண்டுபிடித்து வைத்துவிட்டால், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது. பெட்டிக்குள் ஏதோ சாமி இருக்கிறது என்றுதான் நாங்கள் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சாமியும் இல்லை, ரிப்பேரும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மின்னலைக்கு ஒரு பக்கம் பார்த்த ஆட்டம் உண்டு. பெட்டி அதற்கு இசைந்து உட்கார வேண்டும். மில்லிமீட்டர் அளவான மின்னலைகளுக்கும் அந்த ஆட்டம் உண்டு என்பதை, ஒரு சணல் கட்டையும் ஒரு ரயில் அட்டவணைப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு செய்து காட்டினார் ஒரு மனிதர். மேசைமேல் வைக்கும் அளவுக்கு, கையில் தூக்கிக்கொண்டு கப்பலேறும் அளவுக்குச் சின்னதாக மின்னலைக் கருவி செய்தவர் அவர். பெயர் ஜகதீச சந்திர போஸ். நம் நாட்டில் போஸ் என்றால் உடனே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ்தான் நினைவுக்கு வருவார். இவர் வேறு. நேதாஜி பிறப்பதற்கு முன்பே பேராசிரியராக இருந்தவர்.

மீனவர் மகனோடு ஒரே பள்ளியில்

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் ஜகதீசர் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர், மாஜிஸ்திரேட். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட உத்தியோகஸ்தரின் பிள்ளை இங்கிலீஷ் பள்ளிக்குத்தான் போகும். அதுதான் கௌரவம். பகவான் சந்திரரோ மகனைத் தாய்மொழியான வங்காளி சொல்லிக் கொடுக்கும் சாதாரணப் பள்ளிக்கு அனுப்பினார். பிள்ளை முதலில் தன் மொழியையும் தன் மக்களையும் தெரிந்துகொள்ளட்டும், இங்கிலீஷ் அப்புறம் வரட்டும் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பள்ளியில் ஜகதீசருக்கு ஒரு பக்கம் தந்தையின் முஸ்லிம் பணியாளர் மகன். இன்னொரு பக்கம் ஒரு மீனவர் மகன். அவர்கள் சொன்ன மீன் கதைகளும் பறவைக் கதைகளும்தான் இயற்கையைப் பற்றிய அவருடைய முதல் பாடம். பள்ளி விட்டு மூவரும் வீட்டுக்கு வந்தால், ஜகதீசரின் தாயார் சாதி பார்க்காமல், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி சாப்பாடு போடுவார்.

தினமும் சிறுவனைப் பள்ளிக்குக் கூட்டிப்போன ஆள் யார் தெரியுமா? முன்னாள் கொள்ளைக்காரர்! மாஜிஸ்திரேட்டான தந்தையே அவரைச் சிறைக்கு அனுப்பியவர். தண்டனை முடிந்து வெளியே வந்த மனிதர், பிழைக்க வழியில்லை என்று அதே வீட்டு வாசலில் வந்து நின்றபோது, வேலை கொடுத்து, சொந்த மகனையே அவர் பொறுப்பில் விட்டார் பகவான் சந்திரர்.

பிறகு தந்தைக்குப் பர்த்வானுக்கு மாற்றல் வந்தது. காய்ச்சலில் பெற்றோரை இழந்த அநாதைப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு தொழிற்பட்டறை வைத்தார். மரவேலை, உலோக வேலை எல்லாம் அங்கே நடக்கும். ஜகதீசரும் அதில் கை வைத்தார். பின்னாளில் அவருடைய விஞ்ஞானத்தைக் காப்பாற்றியது புத்தகப் படிப்பு மட்டும் அல்ல, இந்தக் கைத்தொழிலும்தான்.

கல்கத்தாவில் செயின்ட் சேவியர் கல்லூரியில் பௌதிகத்தில் ஆசை பிறந்தது. அங்கே பாடம் நடத்திய லாஃபோன் பாதிரியார் எதையும் கருவிகளோடு செய்து காட்டியே விளக்குவார். 1880-இல் மருத்துவம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறினார். காய்ச்சல் விடாமல் தொல்லை கொடுத்தது. பிணம் அறுக்கும் அறையின் நாற்றம் உடம்பை இன்னும் கெடுத்தது. மருத்துவத்தை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். முதல் முயற்சி தோற்றுப்போனதால்தான் நமக்கு ஒரு விஞ்ஞானி கிடைத்தார்.

மூன்று வருடம் தொடாத சம்பளம்

1885-இல் இந்தியா திரும்பியவருக்குக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சும்மா கிடைக்கவில்லை. இந்தியனுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் திறமை கிடையாது என்று மேலதிகாரிகள் தடுத்துப் பார்த்தார்கள். வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் சிபாரிசு இருந்ததால் தட்ட முடியவில்லை.

வேலை கொடுத்தார்கள், சம்பளத்தில் கை வைத்தார்கள். ஐரோப்பியப் பேராசிரியருக்குக் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. இவர் வேலை தற்காலிகம் என்று சொல்லி அதிலும் பாதியை வெட்டினார்கள். ஆக, பக்கத்து அறையில் அதே பாடத்தை நடத்தும் வெள்ளைக்காரருக்கு மூன்று ரூபாய் என்றால் இவருக்கு ஒரு ரூபாய்.

ஒரே வேலை, ஒரே நேரம், ஆளைப் பார்த்துக் கூலி. விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் தாத்தா பாட்டிமாருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆணோடு சரிக்குச் சரி மரம் சீவிய பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த கூலி கொடுத்த காலம் நம் தோட்டங்களிலும் இருந்ததுதானே?

ஜகதீசர் என்ன செய்தார்? கத்தவில்லை, வேலையை விடவும் இல்லை. தினமும் வகுப்புக்குப் போனார். குறை சொல்ல முடியாதபடி பாடம் நடத்தினார். மாதக் கடைசியில் சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று வருடம்! வீட்டில் பணம் கொழித்ததா என்றால் அதுவும் இல்லை. மக்களுக்குப் பயன்படட்டும் என்று பல தொழில்களில் பணத்தைப் போட்டுத் தந்தை பெருங்கடனில் இருந்த சமயம் அது. 1887-இல் கல்யாணமும் ஆயிற்று. மனைவி அபலா நம் சென்னையில் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வங்காளத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்து படித்த பெண்மணி. உடல்நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியாமல் போயிற்று. கணவரின் பிடிவாதத்துக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை.

கடைசியில் கல்லூரிதான் இறங்கி வந்தது. வேலை நிரந்தரம் ஆயிற்று. முழுச் சம்பளம், அதுவும் முதல் நாளிலிருந்து கணக்குப் பார்த்து மொத்தமாகக் கொடுத்தார்கள். அந்தப் பணம் தந்தையின் கடனுக்குப் போயிற்று.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நாலு பிள்ளைகளை வைத்திருக்கும் தொழிலாளியால் மூன்று வருடம் சம்பளம் வாங்காமல் இருக்க முடியாது. அதனால்தான் நமக்குச் சங்கம் வேண்டியிருந்தது. ஆனால் கேட்ட நியாயம் ஒன்றுதான்.

குளியலறைக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

கல்லூரியில் பாடம் நடத்த அறை இருந்தது. ஆராய்ச்சி செய்ய அறை இல்லை, பணமும் இல்லை. குளியலறையை ஒட்டி ஒரு சின்ன இடம் கிடந்தது. அதைத்தான் ஆய்வுக்கூடம் ஆக்கிக்கொண்டார். உதவிக்கு ஒரு தகரக் கொல்லர். முறையான படிப்பு இல்லாதவர். ஜகதீசர் படம் போட்டுக் காட்டுவார். கொல்லர் தட்டி வளைத்துக் கொடுப்பார். உலகத்தில் யாரும் பார்க்காத கருவிகள் இப்படித்தான் உருவாயின. வகுப்பு முடிந்த பிறகுதான் இதெல்லாம். 1894-இல் இந்த வேலையில் முழு மூச்சாக இறங்கும்போது அவருக்கு வயது முப்பத்தாறு ஆகிக்கொண்டிருந்தது.

அதற்குச் சில வருடங்களுக்கு முன் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானியர், மின்பொறியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலைகள் புறப்படுவதை நிரூபித்திருந்தார். ஒளியைப் போலவே அவையும் திரும்பும், வளையும் என்று காட்டினார். ஆனால் அவருடைய கருவிகளைப் பார்த்தால் மலைத்துப் போவீர்கள். அலையைத் திருப்பும் தகடு ஆள் உயரத்துக்கு மேல். அலையை வளைக்கும் பட்டகம் தாரால் வார்த்தது. எடை சுமார் 600 கிலோ! இதை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

ஏன் அவ்வளவு பெரிசு? நம் கடற்கரைக்குப் போய் ஒரு கம்பத்தைப் பாருங்கள். பெரிய அலை அந்தக் கம்பத்தைச் சட்டையே செய்யாது; சுற்றிக்கொண்டு போய்விடும். சின்னச் சின்ன நெளிவுகள்தான் கம்பத்தில் மோதித் திரும்பும். அலை பெரிசானால் அதை மடக்கும் கருவியும் பெரிசாக இருக்க வேண்டும். ஹெர்ட்ஸின் அலைகளை மீட்டர் கணக்கில் அளக்கலாம். ஜகதீசர் அதைத் தலைகீழாக யோசித்தார். கருவியைப் பெரிதாக்க அவருக்கு இடமும் இல்லை, காசும் இல்லை. அலையைச் சின்னதாக்கினால்? வெறும் ஐந்து மில்லிமீட்டர் நீள அலைகளை உண்டாக்கினார். ஓர் அரிசி மணி அளவு. அதனால் அவருடைய கருவி முழுவதும் ஒரு மேசைமேல் அடங்கிவிட்டது.

பெட்டியின் விசித்திரங்கள்

பிள்ளைகளே, இனிமேல்தான் சுவாரஸ்யம். அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அலை அனுப்பும் பெட்டியின் உயரம் ஏழு அங்குலம், நீளம் ஆறு அங்குலம், அகலம் நான்கு அங்குலம். நம் பழைய ரேடியோ அளவுதான். உள்ளே மின்கலமும் கம்பிச் சுருளும். பொறி எழும்பும் இடத்தில் நடுவில் ஓர் உலோக உருண்டை, இரு பக்கமும் இரண்டு சின்ன மணிகள். சாதாரண உலோகம் என்றால் பொறி பட்டுப் பட்டு மேல்பக்கம் அரித்துச் சொரசொரப்பாகிவிடும், அலையும் கெட்டுவிடும். அதனால் பிளாட்டினம் பயன்படுத்தினார். மற்றவர்கள் பொறியைச் சரமாரியாக விட்டுக்கொண்டிருக்க, இவர் பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் ஒரே ஒரு பொறி. உருண்டையும் தேயாது, மின்கலமும் சீக்கிரம் தீராது.

பெட்டிக்கு இரட்டை உலோகச் சுவர். எதற்கு? அலை கண்ட பக்கமெல்லாம் கசிந்தால் பக்கத்திலுள்ள வாங்கும் கருவி குழம்பிப் போகும். ஒரு குழாய் வழியாக மட்டும் வெளியே வர வேண்டும். அலையைக் குழாய்க்குள் நடத்திக் கூட்டிப்போகும் இந்த ஏற்பாடு பின்னாளில் ராடாருக்கும் உயிர்நாடி ஆயிற்று. வாங்கும் பக்கத்தில், எண்ணெய் ஊற்றும் புனல் மாதிரி வாயகன்ற ஒரு தகரம். அலையைச் சேர்த்து உள்ளே தள்ள. அதே மாதிரிப் புனல்கள் இன்றைக்கும் பெரிய பெரிய கம்பெனிகளின் சோதனைக்கூடங்களில் இருக்கின்றன.

வாங்கும் கருவியின் கதை இன்னும் சுவையானது. ஐரோப்பாவில் அப்போது ஒரு கண்ணாடிக் குழாயில் இரும்புத்தூளை நிரப்பி அலையைப் பிடித்தார்கள். அலை பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். மறுபடி பிரிக்கக் குழாயைத் தட்ட வேண்டும். குளிர் நாட்டில் அது சரி. வங்காளத்துப் புழுக்கத்தில் இரும்புத்தூள் துருப்பிடித்தால் கருவி என்னத்துக்கு ஆகும்? பினாங்கில் இருக்கும் நமக்குத் துருவைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! ஜகதீசர் தூளைத் தள்ளிவிட்டு, நுண்ணிய எஃகுச் சுருள் வில்களை ஒரு பள்ளத்தில் வரிசையாக, ஒன்றை ஒன்று தொட அடுக்கினார். ஒரு திருகாணியைத் திருகினால் வில்கள் நெருங்கும், தளர்த்தினால் விலகும். ரேடியோவில் முள்ளைத் திருப்பி ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி, திருகாணியைத் திருப்பிக் கருவியின் கூர்மையைச் சரிசெய்தார்.

அலையை வளைக்கும் பட்டகத்துக்கும் வில்லைக்கும் கந்தகத்தை உருக்கி வார்த்தார். ஹெர்ட்ஸின் 600 கிலோ தார் எங்கே, கைக்குள் அடங்கும் இந்தக் கந்தகக் கட்டி எங்கே!

இப்போது ரயில் அட்டவணைக்கு வருவோம். அந்தக் காலத்தில் பிராட்ஷா என்ற தடித்த ரயில் அட்டவணைப் புத்தகம் எல்லா இடத்திலும் கிடக்கும். ஜகதீசர் அதன் பக்கங்களுக்கு நடுவே மெல்லிய ஈயத்தாள்களைச் செருகினார். புத்தகத்தை அலைக்கு முன்னால் ஒரு பக்கமாகப் பிடித்தால் அலை தாராளமாகப் போகும். அதே புத்தகத்தைக் கால் வட்டம் திருப்பிப் பிடித்தால் அலை நின்றுவிடும். ஏனென்றால் அலை மேலும் கீழுமாகவோ பக்கவாட்டிலோ ஏதாவது ஒரு வாக்கில்தான் ஆடுகிறது. வேலிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு கயிற்றை விட்டு ஆட்டிப் பாருங்கள். கம்பிகள் நிற்கும் வாக்கில் ஆட்டினால் அலை போகும், குறுக்கே ஆட்டினால் போகாது. ஏறக்குறைய அந்தக் கதைதான்.

அடுத்தது சணல். சணல் இழைகளை வலப்பக்கமாக முறுக்கிய கட்டுகள் சில, இடப்பக்கமாக முறுக்கிய கட்டுகள் சில. அலையை அதற்குள் விட்டால், ஆட்டத்தின் வாக்கு ஒரு வகைக் கட்டில் ஒரு பக்கம் திரும்பியது. மற்ற வகையில் எதிர்ப்பக்கம் திரும்பியது. சர்க்கரைக் கரைசல் ஒளியின் வாக்கைத் திருப்பும் என்பது விஞ்ஞானிகளுக்குத் தெரியும். ஏன் என்று விளக்குவதுதான் கஷ்டம். இந்த மனிதர் மூட்டை தைக்கும் சணலை வைத்து அதற்கு ஒரு மாதிரி செய்து காட்டிவிட்டார்!

தாத்தாவின் ரேடியோவுக்குத் திரும்புவோம். அதற்குள் விரல் நீளத்தில், சில பெட்டிகளில் இன்னும் நீளமாக, ஒரு கறுப்புக் கோல் இருக்கும். மெல்லிய செம்புக் கம்பி சுற்றியது. மீடியம் வேவ் அலையைப் பிடிப்பது அதுதான். அலையின் காந்த ஆட்டம் எந்த வாக்கிலோ, அந்த வாக்கில் கோல் படுத்திருந்தால் பாட்டு வரும். குறுக்கே திரும்பினால் இரைச்சல். ரயில் அட்டவணையைத் திருப்பியது மாதிரிதான் தாத்தா பெட்டியைத் திருப்பியதும். அவருக்குப் பௌதிகம் தெரியாது. கை மட்டும் சரியாகத்தான் செய்தது.

லண்டன் மேடை

1895-இல் கல்கத்தாவில் பொதுமக்கள் பார்க்கச் செய்து காட்டினார். ஓர் இடத்தில் பொத்தானைத் தட்ட, சுமார் 75 அடிக்கு அப்பால், சுவர்களைத் தாண்டி ஒரு மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது. நடுவில் கம்பி கிடையாது. வங்காள லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் தாண்டிப் போயிற்று அந்த அலை. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மார்க்கோனி என்ற இத்தாலிய இளைஞரும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் தன் ஊரில் சோதனை செய்துகொண்டிருந்தார்.

1896-இல் ஜகதீசரும் அபலாவும் கருவிகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். 1897-ஆம் ஆண்டு ஜனவரி 29, வெள்ளிக்கிழமை மாலை, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசவும் செய்து காட்டவும் அவருக்கு அழைப்பு. உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிகள் ஏறிய மேடை அது. இந்தியனுக்கு விஞ்ஞானம் வராது என்று சொன்னவர்களுடைய நாட்டிலேயே, தகரக் கொல்லரோடு சேர்ந்து செய்த பெட்டியை மேசையில் வைத்துக் காட்டினார். முதுபெரும் விஞ்ஞானி கெல்வின் பிரபு மனம் திறந்து பாராட்டினார்.

வாங்காத பணம்

இங்கேதான் பெற்றோர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் கருவியைப் பார்த்ததும் பணக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். 1901-இல் ஒரு தந்திக் கம்பெனி முதலாளி அவரைத் தேடி வந்தார். கண்டுபிடிப்பை வெளியே சொல்லாதே, காப்புரிமை வாங்கு, பங்கு தருகிறேன் என்றார். ஜகதீசர் மறுத்துவிட்டார். அறிவு எல்லோருக்கும் பொது, அதை வைத்து வியாபாரம் கூடாது என்பது அவர் கொள்கை. கருவியின் நுட்பங்களை ஒளிக்காமல் கட்டுரையாக எழுதி வெளியிட்டார்.

நண்பர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதாவும் சாரா புல் என்ற அமெரிக்க அம்மையாரும் மன்றாடி ஒரே ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பிக்க வைத்தார்கள். 1904-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் அது கிடைத்தது. கலீனா என்ற ஈயத்தாதுக் கல்லின்மேல் ஒரு முனையைத் தொட வைத்து மின்னலையைப் பிடிக்கும் உபாயம். அதிலிருந்தும் அவர் ஒரு காசு எடுக்கவில்லை, காலாவதியாக விட்டுவிட்டார்.

அப்புறம் நடந்தது என்ன? அதே மாதிரிக் கல்லும் கம்பி முனையும் வைத்த சின்ன ரேடியோக்களை 1920-களில் உலகமெங்கும் வீடுகளில் வைத்துக் கேட்டார்கள். மின்கலம்கூட வேண்டாம், காதில் ஒரு கேட்கும் கருவி போதும். கம்பி முனையைக் கல்லின்மேல் அங்கே இங்கே நகர்த்தி, நல்ல இடத்தைத் தேட வேண்டும். மேசையை யாராவது தட்டினால் முனை நகர்ந்து பாட்டு நின்றுவிடும்! 1947-இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்ததும் இதே வகைத் தாதுப் பொருள்களின் குணத்தை வைத்துத்தான். 1954-இல் ரீஜென்சி டி.ஆர்.-1 என்ற முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது. பிறகு ஜப்பானியப் பெட்டிகள். தாத்தாவின் தோல் உறைப் பெட்டியும் அந்த வம்சம்தான்.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிவந்த சமிக்ஞையைப் பிடித்ததாக அறிவித்தார். அப்போது பயன்பட்டது இரும்பும் பாதரசமும் சேர்ந்த ஒரு கருவி. அந்த வகைக் கருவியைப் பற்றி ஜகதீசர் 1899-லேயே கட்டுரை எழுதியிருந்தார். அவருக்குரிய பெருமை போய்ச் சேரவில்லை என்று 1998-இல் ஓர் ஆராய்ச்சியாளர் விரிவாக எழுதினார். அதை மறுப்பவர்களும் உண்டு. 1909-இல் மார்க்கோனிக்கும் பிரவுன் என்ற ஜெர்மானியருக்கும் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஜகதீசர் பெயர் வாசிக்கப்படவில்லை.

காப்புரிமையை அவர் விட்டது சரியா? எனக்கு இன்னும் இதில் இரண்டு மனசு. பணத்தை வாங்கி இன்னும் நாலு ஆய்வுக்கூடம் கட்டியிருக்கலாமே என்று ஒரு மனசு சொல்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனக்கு உரிய சம்பளத்தில் ஒரு காசு குறைந்தாலும் தொட மாட்டேன் என்று மூன்று வருடம் நின்ற அதே மனிதர்தான், வந்த பணத்தையும் வேண்டாம் என்றார். பணத்தின் அருமை தெரியாதவர் அல்லர். எது உழைப்புக்குக் கூலி, எது எல்லோருக்கும் பொது என்று அவர் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டை எந்தப் பக்கமும் தாண்டவில்லை.

செடிகளோடு கடைசிக் காலம்

1900-க்குப் பிறகு அவர் கவனம் மெல்லச் செடி கொடிகள் பக்கம் திரும்பியது. செடி வளர்வதைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்தார். தொட்டாற்சிணுங்கியின் துடிப்பை அளந்தார். அந்த முடிவுகளில் சிலவற்றை விஞ்ஞானிகள் ஏற்றார்கள். சிலவற்றோடு சண்டை போட்டார்கள். 1917-இல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு, தம் பிறந்தநாளான நவம்பர் 30-இல், கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். குளியலறைக்குப் பக்கத்தில் ஆரம்பித்தவர் கட்டிய நிலையம் அது. இளையவர்களுக்கு அந்தக் கஷ்டம் வரக் கூடாது என்ற எண்ணம். மேகநாத் சாகா, சத்தியேந்திர நாத் போஸ் போன்ற உலகறிந்த விஞ்ஞானிகள் அவரிடம் படித்தவர்கள். அபலா அம்மையார் பெண் கல்விக்காகச் சங்கம் வைத்து, பள்ளிகள் திறந்தார்.

1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்ற ஊரில் ஜகதீசர் காலமானார். எழுபத்தொன்பது வயதுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1934-இல், நம் பினாங்கில் வயர்லெஸ் சங்கத்தார் இசட்.எச்.ஜே. என்ற ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கியிருந்தார்கள். அவர் கண் மூடுமுன்னே இந்தத் தீவின் காற்றிலும் மின்னலை ஓட ஆரம்பித்துவிட்டது.

அவர் உண்டாக்கிய அரிசி மணி அலைகளை நெடுங்காலம் பெரும்பாலும் யாரும் சீந்தவில்லை. இன்றைக்கோ மில்லிமீட்டர் அலைகள் இல்லாமல் நடக்காது என்கிறார்கள். கார்களின் ராடார், புதுக் கைத்தொலைபேசிச் சேவையில் ஒரு பகுதி, எல்லாம் அந்த வகை அலைகள்தான். 2012-இல் உலக மின்பொறியாளர் கழகம் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் அவர் செய்த சோதனைகளை ஒரு மைல்கல்லாக அங்கீகரித்தது. பரிசு தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

கெலுகோரில் இருக்கும் பிள்ளைகளே! விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் அலமாரி மேல் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுங்கள். பழைய பேட்டரி பொங்கியிருந்தால் பெரியவர்களை எடுத்துப் போடச் சொல்லுங்கள். புதுசு போட்டு, மீடியம் வேவில் ஏதாவது ஒரு ஸ்டேஷனைப் பிடித்து, மெல்லக் கால் வட்டம் திருப்பிப் பாருங்கள். பாட்டு தேய்ந்து மறையும். திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி வரும். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, அப்பாவைப் பின்மூடியைத் திறக்கச் சொல்லி அந்தக் கறுப்புக் கோலைப் பாருங்கள். விலை உயர்ந்த ஆய்வுக்கூடம் நமக்கு இல்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். அவரிடம் இருந்தது தாய்மொழிப் பள்ளி கொடுத்த தைரியம், ஒரு தகரக் கொல்லர், கொஞ்சம் சணல், ஒரு பழைய ரயில் அட்டவணை.

பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு வாழ்த்து. வாங்காத பிள்ளைகளுக்கும் அதே வாழ்த்து. உங்கள் பெயர் இன்னும் வாசிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.